களிப்பூங்கா கண்ட வால்ட் டிஸ்னி

முன்னுரை

விடுமுறை நாளில் குழந்தைகளை வெளியே அழைத்துச் சென்று மகிழ்விப்பது பெற்றோர்க்கு இன்பந்தரும் செயலேயாகும். ஆயினும், அவ்வின்பம் எளிதிற் கிட்டுவதன்று. மூத்தவன் விரும்புவதை இளையவள் விரும்பாள். குழந்தைகள் இராட்டினத்தில் ஏறிச் சுற்றும்பொழுது தாத்தாவும் பாட்டியும் கால்கடுக்க நிற்பர். தந்தையார் கையிலுள்ள பணத்தை எண்ணிக்கொண்டிருப்பார். தாயார் கூட்டத்தின் நடுவே குழந்தையைத் தேடிக்கொண்டிருப்பார். மாலையில் வீடு திரும்புங்கால் மகிழ்ச்சியினும் களைப்பே மிகுந்து நிற்றலும் உண்டு. இக்குறையை ஊன்றி நோக்கி, முதியோரும் சிறுவரும் ஒருங்கே கூடி மகிழ்தற்குரிய ஓரிடத்தை அமைத்தே தீர்வதென உறுதிபூண்டு, தம் பொருள் அனைத்தையும் அதன்பொருட்டுப் பணயம் வைத்தவர் ஒருவர் இருந்தார். அவரே அமெரிக்க நாட்டினராகிய வால்ட் டிஸ்னி ஆவார். கேலிச்சித்திரப் படங்களால் அவர் பெயர் உலகெங்கும் பரவியுள்ளது. அப்புகழுக்குப் பின்னர் அவர் மேற்கொண்ட பெருமுயற்சியின் வரலாறு மாணவர் யாவரும் அறிந்து பயன்கொள்ளத் தக்கதாகும்.

பிறப்பும் இளமையும்

வால்ட் டிஸ்னி 1901ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் சிகாகோ நகரத்தில் பிறந்தார். தந்தையார் எலியாஸ், தாயார் ஃபுளோரா. ஆண்மக்கள் நால்வருள் வால்ட் இளையவர். அவருக்குப்பின் பிறந்தவள் ரூத் என்னும் தங்கை ஒருத்தியே. 1906ஆம் ஆண்டில் அக்குடும்பம் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த மார்சலீன் என்னும் சிற்றூரில் குடியேறி வேளாண்மை செய்யலாயிற்று. ஆப்பிள் மரங்களும், ஆடுமாடுகளும், பன்றிகளும், கோழிகளும் நிறைந்த அப்பண்ணையே வால்ட்டின் இளமைக்கால இன்பவுலகம். ஊரை ஒட்டிப் புகைவண்டிப் பாதை ஒன்று சென்றது. அவ்வண்டியின் கூவொலி கேட்டவுடன் அவர் ஓடிச்சென்று காத்து நிற்பார். புகைவண்டியின்பால் அன்று கொண்ட காதல் இறுதிவரையில் அவரைவிட்டு நீங்கிற்றிலது. ஓவியம் வரைதலிலும் அவருக்கு அங்கேயே விருப்பம் பிறந்தது.

அவ்வின்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. தந்தையார் நோயுற்றார், பண்ணையில் வருவாய் குன்றியது. நிலத்தை விற்றுவிட்டு 1911ஆம் ஆண்டில் குடும்பத்தார் கான்சஸ் நகரத்திற்குப் பெயர்ந்தனர். அங்கே தந்தையார் செய்தித்தாள் வழங்கும் உரிமையை விலைகொடுத்து வாங்கி, அவ்வேலையில் தம் மக்களையும் ஈடுபடுத்தினார். ஒன்பது வயதுச் சிறுவராகிய வால்ட் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுவார். இருளிலும் பனியிலும் நடந்து வீடுதோறும் செய்தித்தாளை இடுவார். பின்னரே பள்ளிக்குச் செல்வார். பள்ளிவிட்டு வந்ததும் மாலைத்தாளை வழங்கவேண்டும். ஆறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. தந்தையார் கண்டிப்பு மிக்கவர். உண்ண உணவும் உடுக்க உடையும் தருவதே கூலியாகும் எனக் கருதி, மக்களுக்குத் தனியே பணம் கொடுத்திலர்.

விடியற்பொழுதில் செல்வர் வீட்டுத் திண்ணைகளில் அவ்வீட்டுக் குழந்தைகள் முதல்நாள் மாலை விட்டுச்சென்ற விளையாட்டுப் பொருள்கள் கிடக்கும். வால்ட் சுற்றுமுற்றும் பார்ப்பார். எவரும் இலரேல் அவற்றை எடுத்துச் சிறிதுநேரம் விளையாடுவார். பின்னர் எடுத்த இடத்திலேயே பழுதின்றி வைத்துவிட்டு அடுத்த வீட்டிற்கு விரைவார். தமக்கென விளையாட்டுப் பொருளும், விளையாடப் பொழுதும் இல்லாத சிறுவர்க்கு அச்சில நொடிகளே பெருஞ்செல்வமாயின. அந்நகரத்தில் எலக்ட்ரிக் பார்க் என்னும் கேளிக்கைப் பூங்கா ஒன்று இருந்தது. எண்ணிறந்த மின்விளக்குகள் ஒளிர, இசை முழங்க, மக்கள் திரளும் அவ்விடம் சிறுவராகிய வால்ட்டின் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

தோல்வியே படியாயிற்று

1918ஆம் ஆண்டில், முதல் உலகப்போர் முடிவுறுந் தறுவாயில், வால்ட் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, போர் ஓய்ந்தபின் பிரான்சு நாட்டிற்குச் சென்று ஊர்தி ஓட்டினார். 1919இல் தாயகம் திரும்பிக் கான்சஸ் நகரத்தில் ஓவியராய் அமர்ந்தார். அங்கே அப் ஐவெர்க்ஸ் என்னும் இளைஞர் அவருக்கு நண்பரானார். நூற்றுக்கணக்கான சித்திரங்களைச் சிறுசிறு மாறுதல்களுடன் வரைந்து, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் படம்பிடித்து விரைந்து ஓடவிடின், ஓவியங்கள் உயிருள்ளன போல் அசையும். இக்கலையை இருவரும் முயன்று கற்றனர்.

1922ஆம் ஆண்டில் வால்ட் தொடங்கிய முதற் படநிறுவனம் மறுவாண்டே கடனில் மூழ்கி முறிந்தது. அந்நாளில் அவர் வாடகை கொடுக்க இயலாது அலுவலகத்திலேயே உறங்கினார். 1923ஆம் ஆண்டில் 40 டாலர் பணத்துடன் ஹாலிவுட்டுக்குப் புறப்பட்டார். அங்கே தமையனார் ராயுடன் கூடி, அவ்வாண்டு அக்டோபரில் புதிய நிறுவனம் ஒன்றை நிறுவினார். வால்ட் கற்பனை செய்வார். ராய் கணக்கை நோக்குவார். ஒருவர் பறக்க விரும்புவார். மற்றவர் நிலத்தில் கால் ஊன்றி நிற்பார். இவ்விருவர் கூட்டே பின்னர் விளைந்த வெற்றிக்கெல்லாம் அடிப்படையாயிற்று. 1925ஆம் ஆண்டில் வால்ட் தம் நிறுவனத்திற் பணியாற்றிய லிலியன் என்னும் நங்கையை மணந்தார்.

1927இல் அவர் ஆஸ்வால்டு என்னும் முயலைப் படைத்தார். அம்முயல் நல்ல பெயர் ஈட்டிற்று. ஆனால், ஒப்பந்தப்படி அதன் உரிமை படத்தை வெளியிடுவோரிடமே இருந்தது. 1928ஆம் ஆண்டில் அவ்வுரிமையையும், தம்மிடமிருந்த ஓவியருள் பெரும்பாலோரையும் வால்ட் ஒருசேர இழந்தார். இந்நிலையில் அவரும் ஐவெர்க்ஸும் புதிதாகப் படைத்ததே மிக்கி மவுஸ் என்னும் சுண்டெலி. 1928ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் நியூயார்க்கில் ஒலியுடன் வெளிவந்த அச்சுண்டெலியின் படம் மக்களைக் கவர்ந்தது. 1937ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும் என்ற முழுநீளக் கேலிச்சித்திரப் படத்தை அவர் வெளியிட்டார். அது படுதோல்வியடையும் என்று முன்னரே நகைத்தவர்கள் வெட்கினர். ஆயினும், எல்லாம் வெற்றியாய் அமையவில்லை. 1941ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனத்து ஓவியர் பலர் ஊதியத்தின் பொருட்டும் சங்கவுரிமையின் பொருட்டும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் குறைகளை அமைதியுடன் கேட்டுத் தீர்க்கும் பொறுமை வால்ட்டிடம் அப்பொழுது இல்லை. அப்பிணக்கினால் விளைந்த மனக்கசப்பு இருதரப்பாரிடமும் நெடுநாள் நின்றது.

விசிப்பலகையில் தோன்றிய எண்ணம்

வால்ட்டுக்கு டயான், ஷேரன் என மகளிர் இருவர். தாம் இளமையில் இழந்ததைத் தம் மக்கள் இழத்தலாகாது என்பது அவர் உள்ளத்தில் உறைந்த எண்ணம். எத்துணைப் பணி இருப்பினும் வார இறுதியில் ஒருநாளை அவர்களுக்கென்றே ஒதுக்கினார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிஃபித் பூங்காவில் மரக்குதிரைகள் சுழலும் குடைராட்டினம் ஒன்று உண்டு. மகளிர் அதில் ஏறிச் சுற்றுவர். தந்தையார் அருகிலுள்ள விசிப்பலகையில் அமர்ந்து வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டிருப்பார்.

அவ்வாறு அமர்ந்திருந்த நாள்களில் அவர் பலவற்றைக் கூர்ந்து நோக்கினார். தம்மைப் போலவே பிற பெற்றோரும் செய்வதறியாது வாளா வீற்றிருந்தனர். குழந்தைகளுக்கு ஒருவகை இன்பம். பெற்றோர்க்குக் காத்திருத்தலே பணி. மற்றக் கேளிக்கைப் பூங்காக்களோ தூய்மையற்றுக் கிடந்தன. அங்கிருந்த பணியாளர் இன்சொல் அறியாதவராயிருந்தனர். தந்தையும் தாயும் குழந்தையுடன் ஒன்றாய் அமர்ந்து களிக்கத்தக்க ஓரிடம் ஏன் இருத்தலாகாது என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது.

அவ்வினாவை அவர் மறந்தாரில்லை. 1948ஆம் ஆண்டில் சிகாகோவில் நடந்த புகைவண்டிக் கண்காட்சிக்குச் சென்று, பழங்கால வண்டிகளைக் கண்டு களித்தார். அவ்வாண்டிலேயே, தாம் எண்ணிய பூங்காவில் இன்னின்ன அமைதல் வேண்டும் என்று எழுதிவைத்தார். ஊர்மன்றமும், புகைவண்டி நிலையமும், நிழல்மரங்களும், தாய்மாரும் தாத்தா பாட்டிமாரும் அமர்ந்து குழந்தைகளின் விளையாட்டைக் காணத்தக்க இருக்கைகளும் அதில் இடம்பெற்றன. விளையாட்டுக் கருவிகளை எண்ணுமுன் முதியோர் அமரும் இடத்தை எண்ணியது அவர்தம் திட்டத்தின் தனிச்சிறப்பாகும். 1950ஆம் ஆண்டில் தம் வீட்டுத் தோட்டத்தில் சிறிய புகைவண்டிப் பாதை ஒன்றை அமைத்து, குழந்தைகளையும் விருந்தினரையும் ஏற்றித் தாமே ஓட்டி மகிழ்ந்தார். 1951இல் டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனுக்குச் சென்று, 1843ஆம் ஆண்டுமுதல் விளங்கிவரும் டிவோலிப் பூங்காவைக் கண்டார். மலர்ப்பாத்திகளும், இன்னிசையும், தூய்மையும், பணியாளரின் பணிவும் அவரைக் கவர்ந்தன. தாம் கருதியது கைகூடாக் கனவன்று என்பது அங்கே அவருக்குத் தெளிவாயிற்று.

தடைகள்

தெளிவு பிறந்ததேயன்றிப் பொருள் பிறக்கவில்லை. கணக்கறிந்த தமையனார் ராய் அத்திட்டத்தை முதலில் ஏற்கத் தயங்கினார். நிறுவனம் பட்டிருந்த கடனை அவர் நன்கறிவார். துணைவியார் லிலியனும், அழுக்கு மலிந்த கேளிக்கைப் பூங்கா நமக்கு எற்றுக்கு என வினவினார். தம் பூங்கா அத்தகையதாய் இராது என்பதே வால்ட் அளித்த விடை. தம் படநிலையம் இருந்த பர்பாங்க் நகரத்தில் சிறியதொரு பூங்கா அமைக்க இசைவு கேட்டார். நகர மன்றத்தார் 1952ஆம் ஆண்டில் அதனை மறுத்துவிட்டனர். கேளிக்கைப் பூங்காத் தொழிலில் பழுத்த அனுபவமுடையோர் சிலரிடம் 1953ஆம் ஆண்டில் திட்டம் காட்டப்பட்டது. வாயில் ஒன்றே இருப்பது தவறு. கோட்டையும் பூஞ்செடியும் காசு தாரா. பராமரிப்புச் செலவே முதலை விழுங்கிவிடும் என்று அவர்கள் ஒருமுகமாய்க் கைவிரித்தனர்.

வால்ட் சோர்ந்தாரல்லர். தம் ஆயுள் காப்பீட்டின்மீது கடன் பெற்றார்; ஓய்வுக்கென வைத்திருந்த வீட்டையும் விற்றார். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தாரைக் கொண்டு, மக்கட்பெருக்கம், சாலைவசதி, தட்பவெப்பம் முதலியவற்றை ஆராயச்செய்து, லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அனஹைம் என்னும் ஊரில் 160 ஏக்கர் பரப்புள்ள ஆரஞ்சுத் தோட்டத்தைத் தேர்ந்தார். 1953ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹெர்ப் ரைமன் என்னும் ஓவியரை அழைத்து, இரண்டே நாள்களில் தம் உள்ளத்திலிருந்த பூங்கா முழுவதையும் ஒரு பெரும்படமாக வரையச்செய்தார். வால்ட் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல ரைமன் வரைந்தார். அப்படத்தை எடுத்துக்கொண்டு ராய் நியூயார்க்கிற்குச் சென்றார். தயங்கிய தமையனாரே தம்பியின் கனவுக்காகத் தூது சென்றது போற்றத்தக்கதன்றோ! ஏ.பி.சி. என்னும் தொலைக்காட்சி நிறுவனம் 5 இலட்சம் டாலர் முதலிடவும், 45 இலட்சம் டாலர் கடனுக்குப் பொறுப்பேற்கவும் உடன்பட்டது. அதற்கு ஈடாக வால்ட் வாரந்தோறும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தித் தர இசைந்தார். 1954ஆம் ஆண்டு சூலையில் தொடங்கிய வேலை ஓராண்டில் முடிந்தது. செலவு 1 கோடியே 70 இலட்சம் டாலர்.

பூங்காவின் அமைப்பு

டிஸ்னிலாந்து எனப் பெயர்பெற்ற அப்பூங்காவைச் சுற்றி உயர்ந்த மண்கரை எழுப்பப்பட்டது. அதன்மீது புகைவண்டி ஓடியது. உள்ளே இருப்போர்க்கு வெளியுலகத்துக் கட்டடமும் சாலையும் தோன்றா. நுழைவாயில் ஒன்றே. பல வாயில்கள் இருப்பின் வருவோர் திசைமாறுவர், குழந்தைகள் வழிதவறுவர். ஒரே வாயிலாயின், உள்ளே பிரிந்தவரும் வெளிச்செல்லும் வழியை எளிதிற் கண்டுகொள்வர். வாயிலைக் கடந்தவுடன் கடைத்தெரு ஒன்று எதிர்ப்படும். அது மார்சலீன் ஊரின் கடைவீதியை நினைவில் வைத்து அமைத்ததாகும். அத்தெருக் கட்டடங்களின் மேல்தளங்கள் கீழ்த்தளத்தினும் சிறியனவாகக் கட்டப்பட்டன. ஆதலின் அவை உள்ளதினும் உயர்ந்து தோன்றும்.

தெருவின் முடிவில் கோட்டை ஒன்று நிற்கும். அதன் முன்னுள்ள திடலிலிருந்து, சக்கரத்தின் ஆரங்களைப் போலப் பாதைகள் பிரிந்து செல்லும். வீரச்செயல் உலகம், எல்லைப்புற உலகம், கற்பனை உலகம், நாளைய உலகம் என நாற்புறமும் நான்கு பகுதிகள் அமைந்தன. எப்பகுதியிற் சுற்றினும் கோட்டையை நோக்கி நடந்தால் மீண்டும் நடுவிடத்தை அடையலாம். இங்ஙனம் அமைத்ததனால், நடந்து களைக்கும் முதியோர்க்கும் திசையறியாச் சிறுவர்க்கும் அலைச்சல் குறைந்தது.

கற்பனை உலகில் குடைராட்டினம் ஒன்று நிறுவினர். பழைய இராட்டினங்களில் சில குதிரைகளே பாய்வனபோல் ஏறியிறங்கும். மற்றவை நிலைத்து நிற்கும். பாயும் குதிரையில் இடம் கிடையாத குழந்தையின் முகம் வாடும். ஆகவே, இங்கு எல்லாக் குதிரைகளும் பாயும் குதிரைகளாகவே அமைக்கப்பட்டன. வீரச்செயல் உலகின் காட்டாற்றில் படகிற் செல்வோர் காண, உண்மை விலங்குகளையே விடலாமென முதலில் எண்ணினர். ஆனால், அவை உறங்கிக்கிடந்தால் ஒரு குழந்தை காண்பதை மற்றொன்று காணாது. அதனால் எந்திரத்தால் அசையும் உருவங்களை அமைத்து, வருவோர் அனைவரும் ஒரே காட்சியைக் காணச் செய்தனர். மது விற்பனை விலக்கப்பட்டது. பணியாளர்கள் வருவோரை விருந்தினர் என்றே அழைக்கப் பயிற்றப்பட்டனர். ஒவ்வோர் இரவும் பூங்கா முழுவதும் கூட்டிக் கழுவித் தூய்மை செய்யப்பட்டது.

திறப்பு நாள்

1955ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை பூங்கா திறக்கப்பட்டது. அழைக்கப்பட்டோருக்கு மட்டும் உரிய அந்நாளில் போலிச்சீட்டுகளுடன் பலர் புகுந்தனர். ஏறத்தாழ 28,000 பேர் திரண்டனர். வெயில் கொளுத்தியது. புதிதாய் இட்ட தார் இளகி மகளிரின் காலணிகளைப் பற்றிக்கொண்டது. குழாய் பொருத்துவோர் வேலைநிறுத்தம் செய்திருந்தமையால், குடிநீர்க் குழாய்களையும் கழிப்பிடங்களையும் ஒருசேர முடிக்க இயலாதாயிற்று. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தேயாகவேண்டிய நிலையில் வால்ட் கழிப்பிடங்களைத் தேர்ந்தார். தாகத்தால் வருந்திய மக்கள், குளிர்பானம் விற்பதற்கென்றே குடிநீரை மறைத்தனர் என்று பழித்தனர். ஓரிடத்தில் எரிவாயு கசிந்தது. சில விளையாட்டுகள் பழுதாகி நின்றன. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் இவ்விழாவைக் கண்டுகொண்டிருந்தது. மறுநாள் செய்தித்தாள்களிற் சில கடுமையாகக் குறைகூறின.

தம் பொருளும் பெயரும் ஒருங்கே அழியுமோ என அஞ்சத்தக்க வேளை அது. வால்ட் எவர்மீதும் பழிபோட்டுத் தப்ப முயலவில்லை. குறைகளை ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்ந்து திருத்துமாறு பணித்தார். மறுநாள் முதல் பொதுமக்கள் வரத்தொடங்கினர். ஏழெட்டு வாரங்களுக்குள் வந்தோர் தொகை 10 இலட்சத்தை எட்டியது.

கண்ணும் கருத்தும்

கடைத்தெருவிலுள்ள தீயணைப்பு நிலையத்தின் மாடியில் வால்ட் தமக்கென ஒரு சிறுமனை அமைத்துக்கொண்டார். பூங்காவில் தங்கும் நாள்களில் விடியற்காலையிலேயே எழுந்து வலம்வருவார். தரையில் கிடக்கும் குப்பையைத் தாமே குனிந்து எடுப்பார். மக்களோடு மக்களாய் வரிசையில் நிற்பார். ஒருநாள் அவர் காட்டாற்றுப் படகில் ஏறினார். ஏழு நிமிடம் நடைபெறவேண்டிய பயணம் நாலரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர் வெகுண்டார். தொலைவிலிருந்து குழந்தைகளுடன் வந்தவர் காணவேண்டிய காட்சியிற் பாதியைக் காணாமற் செல்வது முறையாகாது என்று பொறுப்பாளரிடம் எடுத்துரைத்தார். படகோட்டிகள் அனைவரும் பன்முறை பயிற்சி பெற்றனர். பின்னர் வால்ட் மீண்டும் வந்து, படகு மாற்றிப் படகேறி, நேரம் சரியாயிருத்தல் கண்டே மனநிறைவுற்றார்.

குடும்பத்தார் பயணம்

அந்நாளில் டிஸ்னிலாந்துக்குச் செல்வது ஒரு குடும்பத்திற்குப் பெருநிகழ்ச்சியாகும். தொடக்கத்தில் பெரியவர்க்கு 1 டாலரும், சிறுவர்க்கு 50 சென்டும் நுழைவுக்கட்டணமாக வாங்கினர். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே பணம் கொடுத்தல் வேண்டும். அடிக்கடி பணப்பையைத் திறப்பதால் பெற்றோர் மனம் சலித்தனர். ஆகவே 1955ஆம் ஆண்டு அக்டோபரில் சீட்டுப் புத்தகம் வழக்கத்திற்கு வந்தது. எளிய விளையாட்டுகளுக்கு ஏ எழுத்துச் சீட்டும், அவற்றினும் சிறந்தனவற்றிற்கு பி, சி எழுத்துச் சீட்டுகளும் அதில் இருந்தன. பிற்காலத்தில் டி, இ என்னும் எழுத்துகளும் சேர்ந்தன. இ எழுத்துச் சீட்டே மிக உயர்ந்தது, சிலவே கிடைக்கும்.

சீட்டுகள் அளவோடு இருந்தமையால் குடும்பத்தார் கூடியிருந்து ஆராயவேண்டியதாயிற்று. எதனை முதலிற் காண்பது, எதனை விடுவது, சிறியவளுக்கு அச்சந்தரும் விளையாட்டில் அண்ணன் ஏறும்பொழுது அவளுடன் இருப்பவர் யார், நண்பகல் வெயிலில் பாட்டியார் ஓய்வுகொள்வது எங்கே என்பனவற்றையெல்லாம் அவர்கள் எண்ணிப் பார்த்தனர். ஒருவர் விருப்பத்திற்காக மற்றொருவர் தம் விருப்பத்தைச் சற்றே விட்டுக்கொடுத்தனர். பயன்படாது எஞ்சிய ஏ எழுத்துச் சீட்டுகள் மேசை இழுப்பறையில் அடுத்த பயணத்தை எதிர்நோக்கிக் கிடந்தன. 1982ஆம் ஆண்டில் இம்முறை கைவிடப்பட்டு, ஒரே கட்டணத்தில் எல்லாவற்றையும் கண்டுகளிக்கும் முறை நிலைபெற்றது. அப்பயணம் எல்லார்க்கும் எளிதாயிருந்தது என்று கூறுதற்கில்லை. வறியோர்க்குப் பலநாள் சேமித்தாலன்றி அது கைகூடவில்லை. எனினும், சேமித்துச் சென்ற தந்தை விசிப்பலகையில் தனித்திராமல், தம் குழந்தையின் அருகே படகிலும் புகைவண்டியிலும் அமர்ந்து சென்றார். வால்ட் விரும்பியது அதுவே.

இறுதி நாள்

வால்ட் தம் பூங்காவை முடிந்த பொருளாகக் கருதியதேயில்லை. ஒவ்வோராண்டும் புதியன சேர்த்துவந்தார். 1959ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாள வண்டியும், பனிமலைபோன்ற அமைப்பும் அங்கே தோன்றின. பின்னர் ஃபுளோரிடா மாநிலத்தில் ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலம் வாங்கி, முன்னதினும் மிகப் பெரியதொன்றை அமைக்கப்போவதாக 1965ஆம் ஆண்டு நவம்பரில் அறிவித்தார். அதனைக் கண்ணாற் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. இளமையிலிருந்தே புகைபிடிக்கும் பழக்கத்திற்கு அடிமைப்பட்டிருந்த அவரை நுரையீரற் புற்றுநோய் பற்றியது. 1966ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், 65ஆம் பிறந்தநாள் கழிந்த பத்தாம் நாள், அவர் இயற்கை எய்தினார்.

ஓய்வுபெற எண்ணியிருந்த ராய் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். தம்பி தொடங்கியதைத் தாம் முடிப்பதே கடன் என உறுதிகொண்டு ஐந்தாண்டுகள் அயராது உழைத்தார். 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல்நாள் ஃபுளோரிடாப் பூங்கா திறக்கப்பட்டது. டிஸ்னி என்னும் குடிப்பெயர் மட்டும் அமையாது, வால்ட் என்னும் தம்பியின் பெயரும் அதில் முழுமையாக விளங்கவேண்டும் என்று ராய் வற்புறுத்தினார். அதனால் அது வால்ட் டிஸ்னி வேர்ல்டு எனப் பெயர்பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாள் அவரும் உலகைநீத்தார். பிற்காலத்தில் டோக்கியோவில் 1983ஆம் ஆண்டிலும், பாரிசு நகரருகே 1992ஆம் ஆண்டிலும், ஹாங்காங்கில் 2005ஆம் ஆண்டிலும், ஷாங்காயில் 2016ஆம் ஆண்டிலும் அத்தகைய பூங்காக்கள் தோன்றின.

முடிவுரை

பிறர் திண்ணையில் கிடந்த பொம்மையைத் தொட்டு விளையாடி, மீண்டும் வைத்துவிட்டு நடந்த சிறுவர், தமக்குக் கிட்டாத இன்பத்தை எண்ணி உலகை வெறுத்திருக்கலாம். வால்ட் அவ்வாறு செய்யாது, அவ்வின்பத்தைப் பிறர் குழந்தைகளுக்கு ஈயும் வழியைத் தேடினார். பலர் கூடிச் செல்லும் பயணமாயினும், பலர் கூடி வாழும் இல்லமாயினும், அக்கூட்டத்துள் மிகச் சிறியவர்க்கும் மிக முதியவர்க்கும் ஏற்றதை முதலில் எண்ணுதல் வேண்டும். நிழலும், இருக்கையும், நீரும், தூய்மையும், இன்சொல்லும் சிறியனவாகத் தோன்றும். ஆயினும், ஒருநாளின் மகிழ்ச்சி அவற்றையே பற்றி நிற்கின்றது. இவ்வுண்மையை ஊன்றி உணர்ந்து, பொருளையும் உழைப்பையும் நல்கி, அதனைச் செயலாக்கிக் காட்டியமையாலேயே வால்ட் டிஸ்னியின் பெயர் குழந்தைகள் உள்ளத்தில் இன்றும் நிலைத்து நிற்கின்றது.